‘தட்சுமி’: வரைந்து காட்டிய வாழ்க்கை

முன்னுரை

ஆசிரியன் ஒருவனின் வாழ்க்கையைக் கொண்டு அவன் படைப்புக்கு விளக்கம் காண்பது ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் நெறியாகும். புலவன் வறுமையில் வாடினான், ஆகவே வறுமையைப் பாடினான் என்று எழுதுவது எளிது. அவ்வாறு எழுதப்பெற்ற ஆய்வேடுகள் நம் துறை நூலகங்களில் பல உள்ளன. மாணவர் எழுதக் கருதும் ஏடுகளும் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன. ஆயின், வாழ்க்கைக்கும் படைப்புக்கும் உள்ள தொடர்பு காரண காரியத் தொடர்பு போல அத்துணை நேரியதுதானா என்னும் வினா இன்னும் முடிவு காணாத வினாவே. அவ்வினாவை ஒரு திரைப்படத்தின் வாயிலாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானியச் சித்திரக்கதை ஆசிரியர் யோஷிஹிரோ தட்சுமியின் (1935–2015) வாழ்க்கையையும் படைப்பையும் பொருளாகக் கொண்ட ‘தட்சுமி’ என்னும் படமே அது. சிங்கப்பூரைச் சேர்ந்த எரிக் கூ இயக்கிய இப்படம் 2011-ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ என்னும் பிரிவில் திரையிடப்பெற்றது. படத்தின் மொழி ஜப்பானியம். ஓவியங்களுக்கு அசைவூட்டும் பணி நடைபெற்ற இடம் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. இவ்வியக்குநரே 2008-இல் ‘மை மேஜிக்’ என்னும் படத்தைப் பெரும்பகுதி தமிழ் உரையாடல் கொண்டதாக எடுத்துக் கான் விழாவின் முதன்மைப் போட்டிக்குக் கொண்டு சென்றவர் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

கூ, திரைத்துறையில் புகழ் பெறுமுன் தாமும் சித்திரக்கதை வரைந்தவர். 1989-இல் தம் கதைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டவர். தட்சுமியின் கதைகளை இளமையிற் படித்து அவற்றின்பால் ஈர்க்கப்பெற்றவர். எனவே இப்படம் ஒருவகையில் மாணாக்கன் ஆசிரியனுக்குச் செலுத்தும் காணிக்கை. காணிக்கை என்பதே இதன் சிறப்புக்கும் குறைக்கும் காரணமாதலைப் பின்னர்க் காண்போம்.

ஆவணமும் ஓவியமும்

ஆவணப்படம் என்றவுடன் ஒளிப்படக் கருவி நேரே கண்டு பதிவு செய்த காட்சியே நம் நினைவில் எழுகின்றது. கருவி பொய்யாது, கை பொய்க்கும் என்னும் நம்பிக்கை அதற்கு அடிப்படை. ஆகவே, முழுமையும் கையால் வரையப்பெற்ற ஒன்றை ஆவணம் எனல் பொருந்துமோ என்று ஐயுறுவார் உளர். ஆயினும் இவ்வகை புதியதன்று. 1915-இல் லூசிட்டானியா என்னும் பயணக்கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அக்காட்சியைப் படம் பிடித்த கருவி எதுவும் இல்லை. வின்சர் மெக்கே என்னும் அமெரிக்கச் செய்தித்தாள் ஓவியர் 1918-இல் அந்நிகழ்ச்சியைத் தம் கையால் வரைந்து அசையும் படமாக்கினார். கருவி சென்று காணாத இடத்தில் கை சான்றாக நின்றது. இவ்வகை ஆவணப்படத்தின் தொடக்கமாக அதனையே பலரும் கூறுவர்.

கலைஞன் ஒருவனைப் பற்றியே இம்முறையில் எடுக்கப்பெற்ற படங்களும் உள்ளன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது, 2004-இல் கனடாவில் கிறிஸ் லாண்ட்ரெத் எடுத்த ‘ரையன்’ என்னும் குறும்படம். ஒருகாலத்தில் அசைவூட்ட ஓவியராகப் புகழ் பெற்று, பின்னர் மான்ட்ரியல் நகரத் தெருவில் இரந்து வாழ்ந்த ரையன் லார்கின் என்பவரைப் பற்றியது அது. அதில் ஒலிக்கும் உரையாடல் உண்மையாக நிகழ்ந்தது. உருவங்களோ உள்ளத்தின் சிதைவை உடலிற் காட்டுவனவாய் உடைந்தும் கரைந்தும் தோன்றும். ஆனால் அவ்வுருவங்களை ஆக்கிய கற்பனை லாண்ட்ரெத்தின் கற்பனை. லார்கின் ஈண்டு வரையப்படும் பொருளாக மட்டுமே நிற்கிறார்.

‘தட்சுமி’ இதற்கு மாறானது. கூ தமக்கென ஓர் ஓவியப் பாணியை அமைத்துக்கொள்ளவில்லை. தட்சுமி தாளில் வரைந்த கட்டங்களையே அடிப்படையாகக் கொண்டு, அவருடைய கோட்டின் தடிப்பும் மெலிவும் மாறாமல் அவற்றுக்கு அசைவு தந்துள்ளார். அசைவும் அளவோடு நிற்கின்றது. ஓவியனுக்குக் கோடு என்பது எழுத்தாளனுக்கு நடை போன்றது. ஒருவருடைய வாழ்க்கையை அவருடைய நடையிலேயே எழுதிக் காட்டும் அருமுயற்சி இது. இவ்வளவில் இப்படம் தன் இனத்துள் தனியிடம் பெறத்தக்கது.

தட்சுமியின் வாழ்வும் ‘கெகிகா’வும்

தட்சுமி 1935-இல் ஒசாகா நகரில் பிறந்தவர். போர் முடிந்தபோது பத்து வயதுச் சிறுவர். தோல்வியும் பசியும் நிறைந்த அக்காலத்தில் ஒசாமு தெசூகாவின் சித்திரக்கதைகள் ஜப்பானியச் சிறுவர்க்குப் புதியதோர் உலகைத் திறந்தன. தட்சுமி பள்ளி மாணவராக இருந்தபோதே தெசூகாவை நேரிற் கண்டு பழகும் பேறு பெற்றார். பின்னர், வாடகை நூலகங்களுக்கென்றே அச்சிடப்பெற்ற மலிவு நூல்களுக்குக் கதை வரைந்து தொழில் பழகினார். 1956-இல் ஒசாகாவில் தொடங்கப்பெற்ற ‘காகே’ என்னும் சிறுகதைத் தொகுதி இதழ் இவருக்கும் இவர் தோழர்க்கும் களமாயிற்று. ‘காகே’ என்பதற்கு நிழல் என்பது பொருள்.

‘மங்கா’ என்னும் வழக்குச் சொல் விளையாட்டாக வரைந்த ஓவியம் என்னும் பொருள் தருவது. தாம் வரைவன சிறுவர்க்குரிய நகைப்படங்கள் அல்ல, வளர்ந்தோர் வாழ்வின் அல்லல்களைக் கூறுவன என்று கருதிய தட்சுமி, 1957-இல் அவற்றுக்குக் ‘கெகிகா’ என்று பெயரிட்டார். நாடகத் தன்மை வாய்ந்த ஓவியம் என்று அதனைப் பொருள் கொள்ளலாம். 1959-இல் தோழர்களுடன் ‘கெகிகா பட்டறை’ என்னும் குழுவையும் அமைத்தார். பெயர் மாற்றம் என்பது வெறும் சொல் மாற்றம் அன்று. தம் கலையைப் படிப்போர் யார், அதனை எந்த மனநிலையோடு படிக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் செயல். பெயரிடுதலின் ஆற்றலை நன்கு அறிந்த ஒருவரைப் பற்றியே நாம் பேசுகிறோம் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெயர் மறைத்தலும் பெயர் சுட்டலும்

படத்தின் வாழ்க்கைப் பகுதிக்கு மூலம் தட்சுமி பல ஆண்டுகள் உழைத்து வரைந்த தன்வரலாற்றுச் சித்திரக்கதை. எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் ஜப்பானில் 2008-இலும், ஆங்கிலத்தில் ‘எ டிரிஃப்டிங் லைஃப்’ என்னும் பெயரில் 2009-இலும் வெளிவந்தது. 2009-ஆம் ஆண்டுக்குரிய ஒசாமு தெசூகா பண்பாட்டுப் பெரும்பரிசும் அதற்குக் கிடைத்தது.

அந்நூலைப் படிப்போர் முதலிற் காணும் புதுமை ஒன்று உண்டு. அதன் தலைவன் பெயர் தட்சுமி அன்று, ஹிரோஷி கட்சுமி. ஏனைய ஓவியர் பலர் தம் இயற்பெயரோடும் புனைபெயரோடும் உலவும் நூலில், எழுதியவர் மட்டும் தம் பெயரைச் சற்றே மாற்றிக்கொண்டு படர்க்கையில் நிற்கிறார். மறைப்பு மிக மெல்லியது. எவரும் எளிதில் அறிந்துகொள்வர். அறியப்படும் என்று தெரிந்தே செய்த மறைப்பு அது. தம்மைப் பிறனாக நிறுத்திப் பார்க்க விரும்பிய ஓவியரின் உள்ளக்கிடக்கையை அது காட்டுகின்றது.

திரைப்படம் இத்திரையை விலக்குகின்றது. தட்சுமியே தம் முதுமைக் குரலில், தன்மையிடத்தில் நின்று, தம் வாழ்வைக் கூறுகிறார். கட்சுமியின் கதை தட்சுமியின் கதையாகி, ‘அவன்’ என்றது ‘நான்’ என மாறுகின்றது.

இம்மாற்றம் எத்துணைப் பெரியது என்பதைத் தமிழ் இலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. பொருளால் அகமாகத் தோன்றும் நெடுநல்வாடை, பாண்டியர்க்குரிய வேம்பினை அடையாளமாகக் கூறியதனால் புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் கொண்டார். ஓர் இலை, ஒரு பூ, ஒரு பெயர் ஆகியவற்றுள் ஒன்று வெளிப்பட்டாலும் பாட்டின் இடமே மாறிவிடுகின்றது. பெயரில்லாத தலைவனின் துயரம் எல்லோருக்கும் உரியது. பெயர் பெற்றவனின் துயரம் அவனுக்கே உரிய செய்தி. அவ்வுரையாசிரியரின் கொள்கையை ஏலாதாரும் அது எழுப்பும் வினாவை விலக்க இயலாது. அளவுகோல் நம்முடையதாயினும், பெயர் சுட்டியதனால் பெற்றதும் இழந்ததும் எவை என்று ‘தட்சுமி’யை வினவுதற்கு அது பொருந்தும்.

பெற்றது வெளிப்படை. எழுபதைக் கடந்த முதியவரின் தளர்ந்த குரல், கோட்டோவியத்தின்மீது படியும்போது அக்கோடு உயிர் பெறுகின்றது. இஃது எவனோ ஒருவன் கதை அன்று, இதோ பேசுகின்ற இம்மனிதன் பட்ட பாடு என்னும் உறுதி பிறக்கின்றது. கையால் வரைந்த படத்துக்கு ஆவணத்தன்மை தருவது இக்குரலே. இழந்ததைக் காண, படத்தின் கதைப் பகுதிகளை நோக்க வேண்டும்.

ஐந்து கதைகள்

வாழ்க்கைப் பகுதிகளுக்கு இடையிடையே தட்சுமியின் ஐந்து சிறுகதைகள் முழுமையாக அமைந்துள்ளன. அவை 1970-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வரையப்பெற்றவை. வாழ்க்கைப் பகுதி வண்ணத்திலும், கதைகள் பெரும்பாலும் வண்ணம் ஒடுங்கிய நிலையிலும் காட்டப்படுகின்றன. கடந்த காலத்தை மங்கலாகவும் நிகழ்வதை வண்ணமாகவும் காட்டுவது திரையுலக வழக்கம். ஈண்டோ, நினைவு வண்ணம் பெற, கற்பனை கருமையுறுகின்றது. வாழ்வில் இளமையின் ஊக்கம் இருந்தது, கதையில் ஊக்கம் அற்றவர்களே உள்ளனர் என்பதை வண்ண வேறுபாடே சொல்லிவிடுகின்றது. சொல்லால் விளக்காமல் வண்ணத்தால் உணர்த்திய இத்திறம் பாராட்டத்தக்கது.

முதற்கதை ‘நரகம்’. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபின் அங்குச் சென்ற ஒளிப்படக்காரன் ஒருவன், சுவரொன்றிற் பதிந்துள்ள நிழலைப் படம் பிடிக்கின்றான். தாயின் தோளைப் பிடித்துவிடும் மகனின் நிழலாக அது தோன்றுகின்றது. அப்படம் அன்னைக்கு மகன் காட்டிய அன்பின் சின்னமாகவும், போரெதிர்ப்பின் சின்னமாகவும் புகழ் பெறுகின்றது. பின்னர் உண்மை வெளிப்படுகின்றது. நிழலில் உள்ளவன் மகன் அல்லன்; மகன் ஏவலால் அத்தாயின் கழுத்தை நெரிக்க வந்தவன். மகனோ உயிரோடு இருக்கின்றான். உண்மையை மறைக்க ஒளிப்படக்காரனே கொலைஞனாகின்றான்.

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில், மனிதர் ஒருவர் அமர்ந்திருந்த நிழல் படிந்த கற்படிகள் உண்மையாகவே காக்கப்பட்டு வருகின்றன. அத்தகைய சான்றினும் வலிய சான்று உலகில் இல்லை. அச்சான்றையே தட்சுமி கதைப்பொருளாக்கி, நிழல் உண்மை, அதற்கு நாம் தந்த பொருள் பொய் என்று காட்டுகிறார். இதனைப் படத்தின் தலைப்பில் வைத்தது கூவின் நுண்ணறிவுக்குச் சான்று. வரைந்த படம் ஆவணமாகுமோ என்று ஐயுறுவார்க்கு, பிடித்த படமும் பொய்க்கும் என்பதே முதல் விடையாக அமைகின்றது.

அடுத்துவரும் கதைகள் நகரத்தின் நெரிசலில் நசுங்கியவர்களைப் பற்றியவை. ‘அன்புக் குரங்கு’ என்னும் கதையில், தொழிற்சாலைப் பொறியில் கையை இழந்த தொழிலாளி, தான் வளர்த்த குரங்கை விலங்குக் காட்சிச்சாலையில் அதன் இனத்தோடு சேர்க்க விடுகின்றான். இனமே அதனைக் கடித்துக் கொல்கின்றது. ‘வெறும் மனிதன்’ என்னும் கதையில், ஓய்வு பெறும் நிலையில் உள்ள ஒருவன் மனைவிமேற் கொண்ட வெறுப்பால் தன் சேமிப்பைத் தானே அழிக்க முயன்று, அதிலும் தோற்கின்றான். ‘உள்ளே ஆள்’ என்று பெயர்க்கத்தக்க கதை, சிறுவர் இதழில் வரைந்துவந்த தொடர் நின்றுபோன ஓவியன் ஒருவனைப் பற்றியது. பொதுக் கழிப்பறைச் சுவரில் எவரோ கிறுக்கிய ஆபாசப் படங்களில் தன்னிடம் இல்லாத உயிராற்றலைக் காணும் அவன், தானும் அச்சுவரில் வரையப்போய்ப் பிடிபடுகின்றான். இறுதிக் கதையான ‘சென்று வருக’, தோல்வியுற்ற நாட்டில் அமெரிக்கப் படைவீரர்க்கு உடலை விற்று வாழும் பெண்ணையும், அவளிடம் பணம் பெற வரும் தந்தையையும் பற்றியது. தந்தை மகள் உறவே அழியும் அதன் முடிவு காண்போரை நடுங்கச் செய்வது.

வாழ்வு கதைக்கு உரையாகுமா?

இக்கதைகளைத் தட்சுமியின் குரலுக்கு இடையிடையே கேட்கும்போது, இன்ன துயரம் பட்டார், ஆகவே இன்ன கதை வரைந்தார் என்னும் எண்ணம் காண்போர் உள்ளத்தில் தானே எழுகின்றது. படம் அவ்வாறு வெளிப்படையாகக் கூறுவதில்லை. ஆனால் அடுத்தடுத்து வைத்த அமைப்பே கூறிவிடுகின்றது. கதைகளின் ஆண் மாந்தர் பலர்க்கும் டெட்சுயா பெஷ்ஷோ என்னும் ஒரே நடிகர் குரல் கொடுத்திருத்தலும் இதற்குத் துணை செய்கின்றது. தொழிலாளியும் ஓவியனும் முதியவனும் ஒருவனே என்றும், அவ்வொருவன் தட்சுமியே என்றும் கொள்ள இடம் ஏற்படுகின்றது.

இங்குத்தான் இழப்பு நேர்கின்றது. தட்சுமியின் கதைகளில் வரும் ஆண்கள் பலர் ஒரே முகச்சாயல் உடையவர், மிகுதியாகப் பேசாதவர், பெயர் கூறப்பட்டாலும் நினைவில் நில்லாதவர். அவர்களின் வலிமை அந்தப் பெயரின்மையிலேயே உள்ளது. நாட்டின் செல்வம் பெருகிய காலத்தில் அதில் பங்கு பெறாத எவனும் அவனாக இருத்தல் கூடும். அவனைத் தட்சுமி என்று அடையாளம் காணும்போது, ஒரு காலத்தின் துயரம் ஓர் ஆளின் துயரமாகச் சுருங்குகின்றது. வேம்பின் அடையாளம் செய்த வேலையை ஈண்டுக் குரல் செய்கின்றது.

கால அடைவும் இவ்விணைப்புக்கு முழுத்துணை செய்யவில்லை. தன்வரலாற்று நூலின் முதன்மைப் பகுதி 1945 முதல் 1960 வரையுள்ள காலத்தைக் கூறி, அவ்வாண்டின் பாதுகாப்பு உடன்படிக்கை எதிர்ப்புக் கிளர்ச்சியோடு நிற்கின்றது. கதைகளோ அதற்குப் பத்தாண்டு பிற்பட்டவை. ஊக்கமுள்ள இளைஞர், நரகத்தை வரையும் நடுவயதினர் ஆனது இவ்விடைப்பட்ட பத்தாண்டுகளில். அந்நூல் விரித்துரைக்காத காலமும் அதுவே. ஆகவே அந்நூலை அக்கதைகளுக்கு உரையாகக் கொள்ளுதல், பாட்டின் முதலடிக்கு எழுதிய உரையை ஈற்றடிக்குப் பொருத்துவது போன்றது.

மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. இப்படத்தில் தட்சுமியைப் பற்றிப் பேசும் சான்று தட்சுமி ஒருவரே. உடனிருந்த தோழரோ, பதிப்பாளரோ, மாறுபட்ட கருத்துடையோரோ பேசுவதில்லை. இக்கதைகளில் பெண்ணின் நிலை என்ன என்று கேட்போரும் இல்லை. ஐந்து கதைகளுள் பெண்ணொருத்தியின் வாழ்வை மையமாகக் கொண்டது இறுதிக் கதை ஒன்றே. ஏனையவற்றிற் பெண் பெரும்பாலும் ஆணின் சினத்துக்கோ ஏக்கத்துக்கோ உரிய பொருளாகவே வருகின்றாள். இது காலத்தின் குறையா, கலைஞரின் குறையா, அன்றி அத்தகைய ஆண்களின் குறையை அவர் வேண்டுமென்றே காட்டினாரா என்பது ஆராயத்தக்க வினா. காணிக்கை செலுத்துவோன் இவ்வினாவை எழுப்பான். ஆராய்வோன் எழுப்பியே ஆதல் வேண்டும்.

முடிவுரை

இக்குறைகளால் இப்படத்தின் மதிப்புக் குன்றிவிடாது. சித்திரக்கதை ஓவியர் ஒருவரை அவருடைய கோட்டாலேயே வரைந்து, அவருடைய குரலாலேயே பேசவைத்து, அவருடைய கதைகளையும் சிதைக்காமல் முழுமையாகத் தந்த படம் இது. தட்சுமி 2015-இல் மறைந்தார். அவருடைய குரல் அவருடைய கோடுகளோடு சேர்ந்து நிலைபெற்றதற்குக் கூவுக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும் படத்தை மதிப்பிடுதற்கு உரிய அளவுகோலைப் படத்தின் முதற்கதையே நமக்குத் தந்துள்ளது. சுவரில் நிழல் இருக்கின்றது, அதில் ஐயமில்லை. அந்நிழலை விழச் செய்த செயல் யாது என்பதே வினா. அன்பு என்று விரைந்து கூறிய உலகம் பிழைபட்டது. படைப்பு என்பதும் வாழ்வின் நிழலே. அது தோளைப் பிடித்துவிடும் கையின் நிழலா, கழுத்தை நெரிக்கும் கையின் நிழலா என்பதை நிழலைக் கொண்டு மட்டும் துணிதல் இயலாது. வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு மட்டும் துணிதலும் இயலாது. இரண்டையும் தனித்தனியே பொறுமையோடு கற்று, அவை எங்குப் பொருந்துகின்றன, எங்குப் பொருந்தவில்லை என்று காண்பதே திறனாய்வாளன் தொழில். ஆய்வேடு எழுதப்புகும் மாணவர் ‘ஆகவே’ என்னும் சொல்லை எழுதுமுன் இப்படத்தை ஒருமுறை காண்பாராக.